பென்சில் புள்ளி

அத்தியாயம் 19

காலை ஆறு மணிக்குச் சேர்க்கைப் பிரிவில் சுண்டுவின் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் பழைய பெயர் இருந்தது.

சுண்டு அதைப் பார்த்தாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்கள் வைத்துக்கொள்ளும் முகம் ஒன்று உண்டு. அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. பட்டையை வெட்டி எடுத்து, பெயர் மாற்றிய அரசுத் தாளைக் கவுண்டரில் விரித்துக் காட்டி, புதிதாக அச்சடித்து வாங்கிவந்து தன் கையாலேயே கட்டிவிட்டாள்.

"இந்த வேகத்துல போனா ஆபரேஷனையும் நீயே முடிச்சிடுவே போலிருக்கு" என்றாள் சுண்டு.

ஆபரேஷன் எட்டு மணிக்கு. எட்டு போய், பத்து போய், பன்னிரண்டு போய், இப்போது ஒரு மணி. தியேட்டருக்கு வெளியே உள்ள காத்திருப்பு அறையில், அதே தள்ளுகட்டிலில், அதே பச்சை அங்கியில் சுண்டு கிடந்தாள். நேற்று ராத்திரிக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் கிடையாது. உதடு வெடித்திருந்தது. அக்கா பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தாள். நனைக்கலாம், குடிக்கக் கூடாது. அந்த விதியை இதே மருத்துவமனையில் இத்தனை வருடங்களாக எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்னவள் அவள். இன்றுதான் அது எவ்வளவு கொடுமையான விதி என்று தெரிந்தது.

சுண்டு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். வீட்டில் கடைசிக் குழந்தை. தம்பியாக இருந்த காலத்திலும் சுண்டுதான், தங்கையான பிறகும் சுண்டுதான். மற்ற வீடுகளில் புதுப் பெயர் வாயில் வரவில்லை என்று சண்டை நடக்கும். இந்த வீட்டில் அந்தச் சண்டையே வரவில்லை. சுண்டு என்ற ஒற்றைச் சொல் எல்லோரையும் காப்பாற்றிவிட்டது.

இந்த நாளுக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். மனநல மருத்துவர்கள் இரண்டு பேரின் சான்றிதழ், பிறகு மருத்துவக் குழுவின் அனுமதி, பிறகு அம்மாவின் சம்மதம். இதில் கடைசியாகக் கிடைத்தது அம்மாவின் சம்மதம்தான். போன வாரம், துவைத்த துணியை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அவ்வளவுதான்" என்று அம்மா சொன்னதும், பொண்ணு என்ற அந்த ஒரு சொல்லுக்காகச் சுண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அம்மா காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள். மூன்று முறையும் ஒரே கேள்வி. ஆச்சா?

"மாப்பிள்ளை கூட இருக்காருல்ல?" என்று மூன்றாவது முறை கேட்டாள். "அவர் உள்ளயே இருக்கப்போறார்னா எனக்குக் கவலை இல்ல."

மாப்பிள்ளை உள்ளேதான் இருந்தார். அக்காவின் கணவர் இதே மருத்துவமனையில் மயக்க மருந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். இன்றைய பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. விடிகாலையிலேயே சுண்டுவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர். இயந்திரத்தைச் சோதித்து, குழாய்களை மாட்டி, ஏழரைக்கே தயாராக நின்றவர். இப்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "நான் ரெடி, மெஷின் ரெடி, சர்ஜன் ரெடி. மனுஷங்கதான் வரல" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போனார்.

வராத மனிதர்கள் இரண்டு பேர். மயக்க மருந்து டாக்டருக்குத் தலைவலி. தியேட்டரின் பெரிய சிஸ்டருக்கு வயிற்று வலி. சிஸ்டர் எட்டே காலுக்கு வீட்டுக்கே போய்விட்டாள்.

ஒரே காலையில், ஒரே தியேட்டரில், ஒரே கேஸுக்கு முன்னால் வந்த இரண்டு வலிகள்.

அக்காவுக்கு அந்த வலிகளின் பெயர் தெரியும். அவற்றுக்குப் பதினொரு வருடமாக இடம் ஒதுக்கிக் கொடுத்தவளே அவள்தான்.

* * *

மருத்துவமனை முழுவதும் அவளுக்குச் சார்ட்டக்கா என்றுதான் பெயர். தியேட்டரில் எந்த நாள் யார் வேலை என்று மாதா மாதம் சார்ட் போடுகிறவள். டாக்டர், சிஸ்டர், டெக்னீஷியன், துப்புரவு ஆள் வரை முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் யாருக்கு எந்த நாளில் பிள்ளையின் பள்ளிக்கூட விழா, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவள் விரல் நுனியில்.

விதி ஒன்று உண்டு. தியேட்டர் வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. தன் மனசாட்சிக்கு ஒவ்வாத சிகிச்சையில் பங்கெடுக்க மாட்டேன் என்று எந்த ஊழியரும் மறுக்கலாம். அதற்காக அவர்மேல் நடவடிக்கை கிடையாது. ஆனால் மஞ்சள் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் வந்த அன்றைக்கே நிர்வாகம் வேறு ஆளை வரவழைக்க வேண்டும். முடியாவிட்டால் நோயாளியை வேறு மருத்துவமனைக்குத் தானே அனுப்பிவைக்க வேண்டும். அதனால் ஆகும் தாமதம் நோயாளியின் சான்றிதழ்க் கெடுவில் சேராது.

நல்ல விதி. ஆனால் யாரும் படிவம் எழுத மாட்டார்கள். கருக்கலைப்புக்கு மாட்டேன் என்பவர்கள் உண்டு, திருநங்கையருக்கான அறுவைக்கு மாட்டேன் என்பவர்கள் உண்டு. அவர்கள் சார்ட்டக்காவின் மேஜைக்கு வந்து, தோளில் கை வைத்து, "அக்கா, அது மட்டும் எனக்கு வேணாம்க்கா" என்பார்கள். எதற்குத் தாளும் கையெழுத்தும் என்று அவளும் விட்டுவிடுவாள். அப்படி வந்ததுதான் பென்சில் புள்ளி. மாதம் பிறக்குமுன், எந்த நாளில் என்ன கேஸ், யார் யார் என்று போட்ட முதல் வரைவை, கச்சா சார்ட்டை, மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டுவாள். வேண்டாம் என்பவர்கள், ஆள் இல்லாத நேரத்தில் வந்து, அந்த நாளில் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். அவள் புள்ளியைப் பார்த்து ஆளை மாற்றிவிட்டு, தாளை அழிப்பானால் துடைத்துக் கோப்பில் போடுவாள். சத்தம் இல்லை, சங்கடம் இல்லை. "என் தியேட்டர்ல இதுவரைக்கும் ஒரு மஞ்சத் தாள் கூடக் கிழிச்சதில்ல" என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

இந்த மாதச் சார்ட்டை மட்டும் அவள் தொடவில்லை. தங்கையின் ஆபரேஷன் இருக்கும் மாதம். தன் ஆட்களைப் பார்த்துப் பொறுக்கிப் போட்டுவிட்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அதனால் மொத்தத்தையும் தன் உதவியாளரிடம் கொடுத்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அந்தப் பெண்ணைப் புதுசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சார்ட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை அக்கா. நேர்மை என்று நினைத்துத்தான் செய்தாள்.

புள்ளிக்கு அர்த்தம் என்ன என்று புதுசுவுக்குச் சொல்ல மறந்துபோனாள்.

இப்போது புதுசு எதிரில் நின்று விரல்களை முறித்துக்கொண்டிருந்தாள்.

"கச்சா சார்ட்ல அவங்க பேருக்குப் பக்கத்துல புள்ளி இருந்திச்சுக்கா. பார்த்துட்டோம், சம்மதம்னு அர்த்தம்னு நெனச்சேன். இந்த வியாழக்கிழமைக்குப் புள்ளி வச்சவங்களைத்தான் தேடித் தேடிப் போட்டேன். உங்க தங்கச்சி கேஸாச்சே, மனசார வர்றவங்களா இருக்கட்டும்னு."

அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். திட்ட வாய் எடுத்தாள். என்ன என்று திட்டுவது? சுத்தமான மனசோடு அந்தப் பெண் செய்த தப்புக்கு அடியில், பதினொரு வருடமாகத் தான் செய்த சாமர்த்தியம் அல்லவா கிடந்தது.

* * *

மயக்க மருந்து டாக்டர் தன் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. அக்காவின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது இரண்டு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே மயக்கம் கொடுத்தவர். அவரைப் போல் பக்குவமான கை இந்த மருத்துவமனையில் வேறு யாருக்கும் இல்லை என்று அக்காவே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"உட்காரு" என்றார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. லிஸ்ட்ல என் பேரைப் பார்த்ததும், நீ கடைசி நேரத்துல மாத்திடுவேன்னு நெனச்சேன். எப்பவும் மாத்திடுவியே."

அக்கா உட்காரவில்லை. நிலைமையை வரிசையாகச் சொன்னாள். வெளியூர் சர்ஜன் மாதத்தில் ஒரே ஒரு நாள் வருகிறவர், நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவசர அழைப்புக்கான இன்னொரு மயக்க மருந்து டாக்டர் விபத்துக் கேஸில் இருக்கிறார், சாயங்காலம் வரை வெளியே வர மாட்டார். குழுவின் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். நாளை மறுநாளோடு அது முடிகிறது. முடிந்தால் சுண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மறுபடியும் இரண்டு மனநல மருத்துவர்கள், மறுபடியும் குழு, மறுபடியும் வரிசை. குறைந்தது ஒன்றரை வருடம். ஆபரேஷனுக்காக ஒரு மாதமாக அவள் ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். அந்த ஒரு மாதம் வீட்டில் அவள் பட்ட பாட்டை அக்கா கண்ணால் பார்த்தவள்.

"நீங்க செய்யணும்னு நான் கேட்கல, மேடம். உங்க மனசுக்கு ஒப்பாததை எதுக்குக் கேட்கணும்? மாட்டேன்னு எழுதிக் குடுங்க. அது போதும். அந்தத் தாள் இருந்தா நிர்வாகம் வேற ஆளைக் கூப்பிட்டே ஆகணும். இன்னிக்கு இல்லேன்னாலும் கெடு நின்னுடும்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "எழுதினா அது என் பைல்ல போகும்."

"நடவடிக்கை கிடையாதுன்னு விதியிலயே இருக்கு."

"நடவடிக்கை இல்ல. ஆனா தெரியும் இல்லியா? அடுத்த மாசம் துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். அந்தக் கமிட்டியில எல்லா விதமான ஆளும் இருப்பாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் உன் தங்கச்சிக்கு எதிரி இல்ல. அவளுக்காக வேண்டிக்கிறேன். ஆனா என்னால இதுல கை வைக்க முடியாது. அதை எழுதவும் முடியாது. நீ என்னைப் புரிஞ்சுக்கணும்."

அக்காவுக்குக் காது மடல் சூடேறியது. புரிந்துகொண்டுதான் இருந்தாள், பதினொரு வருடமாக. மறுக்க வேண்டும், ஆனால் மறுத்ததாக இருக்கக் கூடாது. மனசாட்சி வேண்டும், அதற்குக் கையெழுத்து மட்டும் ஆகாது.

"மேடம், ராத்திரியிலிருந்து தண்ணி குடிக்காம ஒருத்தி வெளிய படுத்திருக்கா. அவ மூணு வருஷமா ஒவ்வொரு ஆபீஸா போய், நான் யார்னு எழுதி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கா. முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னால. உங்களால ஒரு தாள்ல போட முடியலையா?"

டாக்டர் தலைவலி மாத்திரை ஒன்றை உறையிலிருந்து பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த மாத்திரைதான் அக்காவை வெளியே தள்ளியது. அதற்கு மேல் அங்கே நின்றிருந்தால் வாய் ஏதாவது சொல்லியிருக்கும்.

* * *

காத்திருப்பு அறைக்குத் திரும்பியபோது சுண்டுவின் பக்கத்தில் நிர்வாக டாக்டர் நின்றிருந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளின்மேல் மூடி கழற்றிய பேனா. முகத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரின் சிரிப்பு.

விஷயம் சின்னதுதான் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஆள் அமையவில்லை. அடுத்த மாதம் முதல் கேஸாகப் போட்டுவிடலாம். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் உடனே தண்ணீர் குடிக்கலாம், வீட்டுக்குப் போகலாம்.

சுண்டு தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவுக்குக் கையை நீட்டினாள். அக்கா நாலு எட்டில் வந்து அட்டையை வாங்கினாள்.

தாளில் ஒரே ஒரு வரி அச்சடித்திருந்தது. நோயாளியின் சொந்த வேண்டுகோளின்படி சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது.

அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தாள். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த வேறு நோயாளிகளின் வீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு சார் வேண்டுகோள் வச்சா? இவளா?"

அது வழக்கமான படிவம்தான், எல்லா ஒத்திவைப்புக்கும் அதுதான் என்றார் அவர். அக்கா விடவில்லை. நோயாளியே தள்ளிப்போடச் சொன்னதாக இருந்தால் சான்றிதழ்க் கெடு ஓடிக்கொண்டேதானே இருக்கும், நாளை மறுநாள் முடிந்துவிடாதா என்று கேட்டாள். அது குழுவின் விஷயம் என்றார். இன்றைக்கே வேறு மருத்துவமனையிலிருந்து ஒரு மயக்க மருந்து டாக்டரையும் சிஸ்டரையும் வரவழைக்கலாமே என்றாள். எந்தக் காரணத்தைக் காட்டி வரவழைப்பது என்று அவர் கையை விரித்தார்.

"யாராவது எழுத்துல மறுத்திருந்தா நான் கூப்பிட்டே ஆகணும். யாரும் மறுக்கலையேம்மா. ஒருத்தருக்குத் தலைவலி. ஒருத்தருக்கு வயித்து வலி. பட்டியல்ல இருக்கற ஒருத்தர் கையெழுத்து இருந்தாலும் சரி, குறையற எல்லாருக்கும் சேர்த்து இந்த நிமிஷமே போனை எடுக்கறேன்."

உண்மையைத்தான் சொன்னார். பதினொரு வருடமாக இந்தத் தியேட்டரில் யாரும் எதையும் மறுக்கவில்லை. மஞ்சள் படிவப் புத்தகம் கடைசி இழுப்பறையில், ஓரம் வெளுத்து, முதல் தாள் கூடக் கிழியாமல் கிடக்கிறது. கிழியாமல் பார்த்துக்கொண்டவள் அவளேதான்.

"அக்கா" என்றாள் சுண்டு. குரல் வறண்டு உரசியது. "விடு. நான் போட்டுடறேன். ஒன்றரை வருஷம்தானே. லென்ஸ் தீட்டிக்கிட்டே போயிடும்."

"நீ பேசாம படு."

"ரொம்ப தாகமா இருக்குக்கா."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுண்டு எதற்கும் கெஞ்சுகிற ஜாதி இல்லை. கண்ணாடிக் கடையில் முதல் நாள், "இவன்கிட்ட என் கண்ணாடியைக் குடுக்க மாட்டேன்" என்ற ஒருவரிடம், "தாராளமா குடுக்காதீங்க சார், ஆனா உங்களுக்குத் தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியுது, எதிர்ல நிக்கறது ஆணா பொண்ணான்னுதான் தெரியல" என்று சொல்லி அனுப்பியவள். அவள் இன்று ஒரு டம்ளர் தண்ணீருக்காகத் தன் மூன்று வருடத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயாராகிவிட்டாள்.

அக்கா அட்டையிலிருந்து தாளை உருவி நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். "அரை மணி நேரம் குடுங்க, சார்" என்றாள். "கையெழுத்து நான் கொண்டுவரேன்."

* * *

அவள் யோசனை எளிமையானது. டாக்டர் எழுதாவிட்டால் தானே எழுதுவது. பதினொரு வருடமாக இந்தத் தியேட்டரில் என்ன நடந்தது, புள்ளி என்றால் என்ன, இந்த வியாழக்கிழமைக்குப் புள்ளி வைத்தவர்கள் யார் யார் என்று எல்லாவற்றையும் எழுதிக் கீழே தன் பெயரைப் போடுவது. வேலை போனாலும் போகட்டும். பட்டியலில் இருப்பவர்கள் தங்கள் கையாலேயே வைத்த புள்ளிகள், சாட்சியாகக் கச்சா சார்ட்டில் இருக்கின்றன. புதுசுவுக்குத்தான் துடைக்கத் தெரியாதே, இருக்கிறபடியே கோப்பில் போட்டிருப்பாள்.

புதுசு ஓடிப்போய் எடுத்துவந்தாள். காத்திருப்பு அறையின் மருந்து மேஜைமேல் அக்கா தாளை விரித்தாள். சுண்டு தள்ளுகட்டிலில் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

வியாழக்கிழமைக் கட்டம். டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. சின்னது, சுத்தமானது. பெரிய சிஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று, கொஞ்சம் தேய்ந்தது.

மூன்றாவது ஒன்றும் இருந்தது.

அக்கா அதைத் தாளில் இருந்த அழுக்கு என்று நினைத்து விரலால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தி வைத்ததில் தாள் ஓட்டையாகியிருந்தது. அவளுக்கு அந்த அழுத்தம் தெரியும். வீட்டு நாள்காட்டியில் கேஸ் சிலிண்டர் வரும் தேதியை இப்படித்தான் ஓட்டை போட்டு வைப்பார். பேனா வாங்கினால் ஒரு மாதத்தில் முனையை வளைப்பவர்.

டெக்னீஷியன் என்ற வரிசையில், அவள் கணவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் புள்ளி.

சுண்டுவும் பார்த்துவிட்டாள். லென்ஸில் மயிரிழை கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். அவள் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். "இது என்ன அநியாயம்? நானே போய் அந்த டாக்டரம்மாவை நாலு கேள்வி..." என்று ஆரம்பித்தவர், மேஜைமேல் விரிந்திருந்த தாளைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த குழாய் தானாகக் கீழே இறங்கியது.

புதுசு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

"நான் வந்தேனே" என்றார் அவர். "ஏழரைக்கே வந்து ரெடியா நின்னேனே."

"மத்தவங்க வரலைன்னு தெரிஞ்ச பிறகும் நின்னீங்க. நல்லா சத்தம் போட்டுக்கிட்டு நின்னீங்க" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு பேசினார். சுண்டுவின் மேல் தனக்குப் பாசம் இல்லாமல் இல்லை என்றார். அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிய காலத்திலிருந்து பார்க்கிறவர். ஆனால் இந்த ஆபரேஷன் மட்டும், எவ்வளவு யோசித்தும், மனசு ஒப்பவில்லை. இரண்டு வருடமாக யோசித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. புள்ளி வைத்தால் மனைவி பார்த்துச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவாள், கேட்கக்கூட மாட்டாள் என்று நினைத்தார். எல்லோருக்கும் அப்படித்தானே செய்வாள்.

"சார்ட்டை நான் பார்க்கவே மாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனே."

"புள்ளி வச்ச பிறகுதான் சொன்னே."

அக்காவுக்குக் கண் எரிந்தது. மனசு ஒப்பாததற்கு அவரை அடிக்க முடியாது. ஆனால் காலையிலிருந்து அந்தக் கதவைத் திறந்து திறந்து வந்து சொன்ன அந்த "நான் ரெடி" ஒவ்வொன்றும் இப்போது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது, இயந்திரத்தைச் சோதித்தது எல்லாமே.

அவள் போனாள். தன் அறையில் கடைசி இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். முதல் தாள். பக்கத்தில் பேனா.

"இப்ப சொன்னீங்களே, அதையே எழுதுங்க. மனசு ஒப்பலைன்னு. பட்டியல்ல இருக்கற ஒருத்தர் கையெழுத்து இருந்தா போதுமாம்."

அவர் படிவத்தைப் பார்த்தார். "எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்றார். டாக்டர் சொன்ன அதே வார்த்தை.

"ஆமா. தெரியும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். அவர் பேனாவை எடுத்தார். தன் பெயர் எழுதினார், பதவி எழுதினார். காரணம் என்ற இடத்தில் மூன்று வரி எழுதினார். கையெழுத்துக்கு முன்னால் ஒரு கட்டம் மீதி இருந்தது. சிகிச்சை பெற வந்தவரின் பெயர்.

பேனா அங்கே நின்றது.

அப்போதுதான் அக்காவுக்கு அது உறைத்தது. இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள் கூட, ஒரு முறை கூட, தங்கையின் புதுப் பெயரை அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சுண்டு என்ற சொல் எல்லோரையும் காப்பாற்றியது. அவரையும் சேர்த்துத்தான்.

தள்ளுகட்டிலில் இருந்து ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் காலையில் அச்சடித்த வெள்ளைப் பட்டை.

"பார்த்து எழுதுங்க, அத்தான்" என்றாள் சுண்டு. "அழுத்தாம எழுதுங்க. தாள் ஓட்டையானா செல்லாதாம்."

அவர் பட்டையைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுவது போல எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மையின் ஈரம் காயுமுன் அக்கா தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். நிர்வாக டாக்டர் படித்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாய் எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. முத்திரை குத்தி, நேரம் எழுதி, போனை எடுத்தார். மூன்று மணி ஐந்து நிமிடம். நடைபாதையில் வெளியூர் சர்ஜன் பெட்டியோடு நின்றிருந்தார். ராத்திரி பதினொன்றுக்கு இன்னொரு ரயில் இருக்கிறது, ஐந்து மணிக்குள் ஆள் வந்தால் செய்துவிடலாம், அதற்குமேல் முடியாது என்றார். பெட்டியை மட்டும் மறுபடி பெஞ்சின்மேல் வைத்தார்.

அக்கா திரும்பி வந்தபோது கணவர் அதே ஸ்டூலில் இருந்தார். சுண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கைப்பைக்குள் போன் அடித்தது.

"ஆச்சா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லம்மா."

"இன்னுமா? என்னடி மறைக்கறே? உனக்கு ஒழுங்கா ஒண்ணும் சொல்ல வராது. மாப்பிள்ளைகிட்ட குடு. அவர்தான் விவரமா சொல்வார்."

அக்கா போனைக் கணவரிடம் நீட்டினாள்.